குரோமோசோமின் இடுப்பில் ஒரு வரலாறு: மனிதர், வாலில்லாக் குரங்குகளின் சென்ட்ரோமியர்த் தொடர்கள் குறித்த ஆய்வும் இந்திய உயிரணு மரபியலாளர் பங்களிப்பும்

ஆய்வுச் சுருக்கம்

மனிதருக்கும் சிம்பன்சிக்கும் இடையிலான டி.என்.ஏ. வேற்றுமை ஏறத்தாழ 1.2 விழுக்காடு என்பது பாடநூல்களிலும் மேடைகளிலும் நிலைபெற்றுவிட்ட கூற்று. குரோமோசோம்களின் சென்ட்ரோமியர்ப் பகுதிகளைக் கணக்கில் கொள்ளாமல் பெறப்பட்ட எண் அது. அப்பகுதிகள் கணக்கினின்றும் விடுபட்டது ஏன், அவை எவ்வாறு படிப்படியாகப் படிக்கப்பட்டன, அப்படிப்பில் இந்திய உயிரணு மரபியலாளர் ஆற்றிய பங்கு யாது என்பவற்றை இக்கட்டுரை வரலாற்று முறையில் ஆராய்கிறது. 1936 முதல் 2025 வரையிலான ஆய்வுகள் எடுத்துக்கொள்ளப்பட்டுள்ளன.

திறவுச்சொற்கள்: சென்ட்ரோமியர், ஆல்ஃபா சாட்டிலைட், உயர்படி மீள்தொடர், இரண்டாம் குரோமோசோம், கேளையாடு, ஹூலாக் கிப்பன், அறிவியல் வரலாறு.

பெயரிடப்பட்ட இடம்

உயிரணு பிரியும்போது ஒவ்வொரு குரோமோசோமும் ஓரிடத்தில் ஒடுங்கிக் காணப்படும். அவ்வொடுக்கத்தைக் கதிர்கோல் இழைகள் பற்றி இழுப்பதனாலேயே இரட்டித்த குரோமோசோமின் இரு பாதிகளும் இரு சேய் உயிரணுக்களுக்கும் பிழையின்றிப் போய்ச் சேர்கின்றன. வால்தர் ஃபிளெமிங் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் நுண்ணோக்கியில் கண்டு வரைந்த இவ்வொடுக்கத்திற்குச் 'சென்ட்ரோமியர்' என்னும் பெயரை 1936ஆம் ஆண்டில் சூட்டியவர் சி. டி. டார்லிங்டன். அவருடன் இணைந்து 1945ஆம் ஆண்டில் 'பயிரிடப்படும் தாவரங்களின் குரோமோசோம் அட்லஸ்' என்னும் நூலை வெளியிட்டவர் எடவலேத் கக்காட் ஜானகி அம்மாள். சென்னை இராணி மேரிக் கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் பயின்று, மகளிர் கிறித்தவக் கல்லூரியில் கற்பித்து, மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்று, கோயம்புத்தூர்க் கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் கரும்பின் குரோமோசோம்களை எண்ணியவர் அவர். 1939இல் எடின்பரோவில் நிகழ்ந்த மரபியல் மாநாட்டிற்குச் சென்று, போரின் காரணமாக இங்கிலாந்திலேயே தங்கிவிட்ட ஆண்டுகளில்தான் அந்நூல் உருவாயிற்று. சென்ட்ரோமியர் என்னும் சொல் பிறந்த அறிவுச்சூழலில், அது பிறந்த பத்தாண்டுக்குள்ளாகவே, சென்னையில் படித்த ஒரு பெண் இணையான இடத்தில் இருந்தார் என்பது தமிழில் எழுதப்படும் அறிவியல் வரலாறுகளில் போதிய அளவு பேசப்படவில்லை. (அவர் மறைந்த 1984ஆம் ஆண்டே, கொடைக்கானலை அடுத்த அட்டுவம்பட்டியில் அமைந்துள்ள அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் தோன்றிய ஆண்டுமாகும்.)

டார்லிங்டன் காலத்தில் சென்ட்ரோமியர் ஓர் இடத்தின் பெயர் மட்டுமே. அது எப்பொருளால் ஆனது என்பதற்கு விடை வேறொரு துறையிலிருந்து, ஒரு சோதனைக் குழாயிலிருந்து வந்தது.

சாட்டிலைட் என்னும் பெயரால் விளைந்த குழப்பம்

டி.என்.ஏ.வைச் சீசியம் குளோரைடு கரைசலில் இட்டு மிகுவேகத்தில் சுழற்றினால், அதன் அடர்த்திக்கேற்பக் குழாயின் ஒரு மட்டத்தில் பட்டையாகத் திரளும். 1960களின் தொடக்கத்தில் சுண்டெலி டி.என்.ஏ.வை அவ்வாறு சுழற்றியபோது முதன்மைப் பட்டைக்கு அருகில் சிறியதொரு பட்டை தனியே நின்றது. கோளைச் சுற்றும் துணைக்கோள்போல் அது நின்றதால் 'சாட்டிலைட்' எனப் பெயர் பெற்றது. தமிழில் இதனைத் 'துணைக்கோள் டி.என்.ஏ.' என மொழிபெயர்க்கும் வழக்கம் மாணவரிடையே விண்வெளியை நினைவூட்டிக் குழப்பமே தந்து வருகிறது. எனவே இக்கட்டுரையில் சாட்டிலைட் என்னும் சொல்லே ஆளப்படுகிறது. ஒரே குறுந்தொடர் மீண்டும் மீண்டும் ஆயிரக்கணக்கிலும் இலட்சக்கணக்கிலும் அடுக்கப்பட்டிருப்பதால் அப்பகுதியின் காரச் சேர்க்கை மற்ற டி.என்.ஏ.வினின்றும் மாறுபட்டு, அடர்த்தியும் வேறாகிறது. தனிப்பட்டைக்குக் காரணம் இதுவே.

இப்பட்டையின் டி.என்.ஏ. குரோமோசோமில் எங்கே உள்ளது என்பதை 1970ஆம் ஆண்டில் இரு ஆய்வுகள் ஏறத்தாழ ஒரே காலத்தில் காட்டின. மேரி லூ பார்டியூவும் ஜோசப் காலும் அமெரிக்காவில் செய்தது ஒன்று. எடின்பரோவில் கே. டபிள்யூ. ஜோன்ஸ் செய்தது மற்றொன்று. கதிரியக்கம் ஏற்றிய சாட்டிலைட் தொடரைக் குரோமோசோம்களின்மீது பொருந்தவிட்டபோது, அது சுண்டெலியின் சென்ட்ரோமியர்களை ஒட்டியே சென்று படிந்தது.

இந்த ஜோன்ஸின் ஆய்வகத்திற்கே காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் எஸ். பி. ராய் சௌதுரியிடம் பாம்புகளின் குரோமோசோம்களைப் பயின்ற லால்ஜி சிங் 1974ஆம் ஆண்டில் சென்றார். பாம்புகளின் பால் குரோமோசோம்களில் சாட்டிலைட் தொடர்கள் எவ்வாறு பெருகின என அவரும் ஜோன்ஸும் ஆராய்ந்தனர். பட்டைக் கட்டுவிரியனிலிருந்து பெற்ற தொடர் ஒன்று, பிற்காலத்தில் ஐதராபாத்து உயிரணு மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தில் இந்தியாவின் டி.என்.ஏ. ரேகை முறைக்கு அடிப்படை ஆயிற்று. மக்கள் லால்ஜி சிங்கை நீதிமன்ற வழக்குகளின் வாயிலாகவே அறிந்துள்ளனர். மீள்தொடர்கள் இனங்களுக்கிடையே எவ்வாறு மாறுகின்றன என்னும் அடிப்படை வினாவே அவரை அவ்விடத்திற்கு இட்டுச் சென்றது என்பது அதனால் மறைந்துபோயிற்று. பயன்பாடு பெரும்புகழ் பெறும்போது அதற்கு முந்திய வினா மறக்கப்படுவது அறிவியல் வரலாற்றில் அரிதன்று.

குரங்கிலும் மனிதரிலும் ஒரே அலகு

1971ஆம் ஆண்டில் ஜோசப் மாயோ ஆப்பிரிக்கப் பச்சைக் குரங்கில் மிகப்பெரிய மீள்தொடர்த் தொகுதி ஒன்றைக் கண்டு அதற்கு 'ஆல்ஃபா' எனப் பெயரிட்டார். 1978இல் மாக்சின் சிங்கர் குழுவினர் அதன் காரவரிசையைப் படித்தபோது, அலகு ஒவ்வொன்றும் 172 காரஇணை நீளமுடையது எனத் தெரிந்தது. அதே ஆண்டில் யேல் பல்கலைக்கழகத்தின் லாரா மானுவெலிடிஸ் மனிதரிலும் அதன் உறவுத்தொடர் சென்ட்ரோமியர்களில் உள்ளதை நிறுவினார். மனித அலகின் நீளம் ஏறத்தாழ 171 காரஇணைகள்.

அலகு ஒன்றே. அடுக்கிய முறைதான் வேறு. அட்டுவம்பட்டியைச் சூழ்ந்த பழனிமலைச் சோலைகளில் கருமந்தியும், சாலையோரங்களில் குல்லாய்க் குரங்கு எனப்படும் நாட்டுக்குரங்கும் வாழ்கின்றன. இவை பழைய உலகக் குரங்கினத்தைச் சேர்ந்தவை. நாட்டுக்குரங்கு அடங்கிய மக்காக்கு இனத்தின் சென்ட்ரோமியர்களில் இரண்டு அலகு கொண்ட இணையே எல்லாக் குரோமோசோம்களிலும் திரும்பத் திரும்ப வருகிறது. மனிதர், சிம்பன்சி, கொரில்லா, ஒராங்குட்டான் ஆகியவற்றில் நிலைமை வேறு. ஒன்றோடொன்று 20 முதல் 40 விழுக்காடு வரை வேறுபடும் பல அலகுகள் ஒரு குறித்த ஒழுங்கில் சேர்ந்து ஒரு பேரலகாகின்றன. அப்பேரலகே நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் படியெடுக்கப்பட்டுள்ளது. படிகளுக்கிடையே வேறுபாடு பெரும்பாலும் 2 விழுக்காட்டிற்கும் குறைவு. இதனை உயர்படி மீள்தொடர் என்பர். 1980களில் ஹண்டிங்டன் வில்லார்டும் ஜான் வேயும் இதனை விரிவாக விளக்கினர். மனித எக்ஸ் குரோமோசோமின் பேரலகு 12 அலகுகளால் ஆனது. 17ஆம் குரோமோசோமுடையது 16 அலகுகளால் ஆனது. எனவே மனிதரின் சென்ட்ரோமியர்த் தொடரைக் கண்டு அது எந்தக் குரோமோசோமுடையது எனப் பல நேரங்களில் சொல்லிவிட இயலும். மக்காக்குக் குரங்கில் அது எளிதன்று.

தமிழில் 'குரங்கு' என்னும் ஒரே சொல் வாலுடையனவற்றையும் வாலில்லாதனவற்றையும் குறிப்பதால், 'மனிதன் குரங்கிலிருந்து வந்தானா' என்னும் வகுப்பறை வினா எப்போதும் மங்கலாகவே எழுப்பப்படுகிறது. சென்ட்ரோமியரின் அடுக்குமுறை அவ்வினாவைத் தெளிவாக்குகிறது. மனிதரின் சென்ட்ரோமியர் வாலில்லாக் குரங்குகளின் வகையினது. சோலையிலுள்ள மந்தியோ அதற்கு முந்திய பிரிவின் வகையினது.

நாற்பத்தெட்டும் நாற்பத்தாறும்

1923 முதல் மனிதக் குரோமோசோம்களின் எண்ணிக்கை 48 என்றே கருதப்பட்டது. 1956இல் ஜோ ஹின் ட்ஜியோவும் ஆல்பர்ட் லெவனும் அது 46 என நிறுவினர். சிம்பன்சி, கொரில்லா, ஒராங்குட்டான் மூன்றிற்கும் 48. ஒரு இணை எங்கே போயிற்று? 1970களின் தொடக்கத்தில் பட்டைச்சாய முறைகள் வந்தவுடன், மனிதரின் இரண்டாம் குரோமோசோம் வாலில்லாக் குரங்குகளின் இரு சிறு குரோமோசோம்கள் முனையோடு முனை இணைந்ததாக இருக்கலாம் எனப் பிரெஞ்சு ஆய்வாளர் முன்மொழிந்தனர். 1982ஆம் ஆண்டில் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தின் ஜார்ஜ் யூனிஸும் ஓம் பிரகாஷும் மிகநுண் பட்டை முறையில் நான்கு இனங்களின் குரோமோசோம்களையும் அருகருகே வைத்துக் காட்டினர். மனிதரின் 23 இணைகளுள் 18 இணைகள், பொது மூதாதையினுடையவற்றோடு ஏறத்தாழ ஒன்றாகவே உள்ளன என்பது அவர்தம் முடிவு. அக்கட்டுரையின் படங்கள் இன்றளவும் பாடநூல்களில் மறுபதிப்பாகின்றன. அவற்றை வரைந்தவர் பெயர் மட்டும் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை.

இணைவுக் கொள்கை ஒரு சிக்கலை எழுப்பியது. இரு குரோமோசோம்கள் முழுமையாக இணைந்தால் புதிய குரோமோசோமில் இரு சென்ட்ரோமியர்கள் இருக்கும். கதிர்கோல் இழைகள் இரண்டையும் எதிரெதிர்ப் பக்கம் இழுத்தால் குரோமோசோம் அறுந்துவிடும். ஆகவே ஒன்று செயலிழந்தாக வேண்டும். செயலிழந்த சென்ட்ரோமியர் அழிந்துபோகாமல் உறங்குநிலையில் தங்கக்கூடும் என்னும் கருத்தை, மனிதருக்கு இது பொருத்திப் பார்க்கப்படுவதற்கு முன்பே, 1975இல் டி. சி. ஷூ, சென் பாதக், டி. ஆர். சென் ஆகிய மூவர் வெளியிட்டனர். ஹூஸ்டன் நகரின் எம். டி. ஆண்டர்சன் நிறுவனத்தில் பணியாற்றிய சென் பாதக், பாலூட்டிகளின் குரோமோசோம்களை ஒப்பிட்ட முன்னோடிகளுள் ஒருவர்.

இக்கருத்து வலுப்பெற ஒரு மான் உதவியது. பழனிமலையில் கேளையாடு எனப்படும் குரைக்கும் மானின் இனத்தில்தான் பாலூட்டிகளுள் மிகக் குறைந்த குரோமோசோம் எண்ணிக்கை அறியப்பட்டுள்ளது. இந்தியக் கேளையாட்டின் பெட்டைக்கு 6, கிடாவுக்கு 7 என டோரிஸ் வர்ஸ்டரும் குர்ட் பெனிர்ஷ்கேயும் 1970இல் அறிவித்தபோது பலர் அதனை எளிதில் நம்பவில்லை. ஏனெனில் நெருங்கிய உறவுடைய சீனக் கேளையாட்டிற்கு 46. பல குரோமோசோம்கள் தொடராக இணைந்ததே இவ்வீழ்ச்சிக்குக் காரணம். இணைந்த இடங்களில் பழைய சென்ட்ரோமியர்களின் சாட்டிலைட் தொடர்கள் தழும்புகளாய் எஞ்சியிருப்பது பின்னர்ப் புலப்பட்டது. இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. மேற்குத் தொடர்ச்சி மலை, இலங்கை ஆகிய இடங்களின் கேளையாடுகள் தாய்வழி டி.என்.ஏ. அடிப்படையில் தனி வழியினர் என 2017இல் வெளிவந்த ஆய்வொன்று காட்டியுள்ளது. ஆதலால் 6, 7 என்னும் எண்களைப் பழனிமலை மானுக்கு அப்படியே ஏற்றிச் சொல்வது பொருந்தாது.

மனிதரின் இரண்டாம் குரோமோசோமில் தழும்பு 1991இல் முதலில் கிட்டியது. யேல் ஆய்வாளர் குழு ஒன்று, முனைகளுக்கே உரிய டீலோமியர்த் தொடர்கள் குரோமோசோமின் நடுவே தலையோடு தலை மோதி நிற்பதைக் கண்டது. அடுத்த இரண்டு ஆண்டுகளுக்குள், அதே நெடுங்கரத்தில் சற்றே தள்ளி ஆல்ஃபா சாட்டிலைட்டின் சிதைந்த எச்சம் ஒன்றும் கண்டறியப்பட்டது. சென் பாதக் முதலியோர் ஊகித்த உறங்கும் சென்ட்ரோமியர் அதுவே. ஊருக்கு நடுவே கோட்டைவாயிலின் இடிபாடு கிடந்தால் அங்கு ஒருகாலத்தில் ஊரின் எல்லை இருந்தது என வரலாற்றாசிரியர் முடிவு செய்வர். இங்கும் முடிவு அவ்வகையினதே.

உறவும் உறவின்மையும்

மனிதரும் சிம்பன்சியும் நெருங்கியவர் எனில், மனிதரின் 5ஆம் குரோமோசோம் சென்ட்ரோமியர்த் தொடர் சிம்பன்சியின் ஒத்த குரோமோசோமிலேயே சென்று படிய வேண்டும். 1995ஆம் ஆண்டில் இத்தாலியின் பாரி நகரில் மாரியானோ ரோக்கி குழுவினர் இதனைச் சோதித்தனர். ஒளிரும் மனிதத் தொடர்கள் பெரும்பாலும் ஒத்த குரோமோசோம்களை விட்டுவிட்டு வேறு குரோமோசோம்களில் படிந்தன. எக்ஸ் குரோமோசோம் மட்டுமே தெளிவான விதிவிலக்கு. அதே ஆண்டில் நியூயார்க்கு நகரின் புரூக்ளினில் பணியாற்றிய சன்னி லூக், ராம் எஸ். வர்மா ஆகியோர் மனிதரும் சிம்பன்சியும் ஒரே தொன்மையான ஆல்ஃபா சாட்டிலைட்டைப் பகிர்கின்றன என்றும், ஹெட்டிரோகுரோமாட்டினின் பிற கூறுகளிலேயே பெரிதும் வேறுபடுகின்றன என்றும் எழுதினர். மேலோட்டமாக நோக்கின் இவ்விரு முடிவுகளும் முரண்படுவனபோல் தோன்றும். குடும்பம் ஒன்றா என்பது ஒரு வினா. வீட்டு எண்ணும் ஒன்றா என்பது வேறொரு வினா. லூக்கும் வர்மாவும் முதல் வினாவுக்கும், ரோக்கி குழுவினர் இரண்டாம் வினாவுக்கும் விடை தந்தனர் எனக் கொள்வதே தகும். ஹெட்டிரோகுரோமாட்டின் பற்றிய புரூக்ளின் ஆய்வாளரின் கூற்றும் நிலைத்தது. சிம்பன்சி, கொரில்லா இரண்டின் குரோமோசோம் முனைகளிலும் தொப்பிபோல் அமைந்த 32 காரஇணை மீள்தொடர் மனிதரில் இல்லை.

இவ்வளவு விரைவான மாற்றத்திற்குக் காரணம் என்ன? ஒரு விளக்கத்தை 1976ஆம் ஆண்டிலேயே ஜார்ஜ் பி. ஸ்மித் அளித்திருந்தார் (2018இல் வேறொரு பணிக்காக வேதியியல் நோபல் பெற்றவர் இவரே). ஒரே மாதிரியான அலகுகள் அடுக்கியிருக்கும்போது இரு இழைகளும் ஓரிரு அலகு தள்ளிப் பொருந்திவிடும். அப்போது நிகழும் சமமற்ற குறுக்கேற்றத்தால் ஓரிழை நீளும், மற்றது குறையும். இது மீண்டும் மீண்டும் நிகழ்ந்தால் ஓர் அலகின் படிகளே முழு இடத்தையும் பிடித்துக்கொள்ளும். தெரிவோ பயனோ இன்றியே மீள்தொடர் தோன்றவும் ஒருபடித்தாகவும் இது போதும் என அவர் காட்டினார்.

இரண்டாவது விளக்கம் 2001இல் வந்தது. மும்பை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் வேதிப்பொறியியல் பயின்று மரபியலுக்கு மாறிய ஹர்மித் சிங் மாலிக், சியாட்டிலில் ஸ்டீவன் ஹெனிக்காஃப், காமி அஹமது ஆகியோருடன் 'சென்ட்ரோமியர் முரண்' என்னும் கருத்தை முன்வைத்தார். உயிரணுப் பிரிவில் சென்ட்ரோமியரின் பணி எல்லா உயிர்களிலும் மாறாதது. ஆயினும் அதன் டி.என்.ஏ.வும், அதன்மேல் அமரும் சென்ப்-ஏ முதலிய புரதங்களும் மிக விரைந்து மாறுகின்றன. பெண்ணின் குன்றல் பகுப்பில் உருவாகும் நான்கில் ஒன்றே கருமுட்டையாகும். எஞ்சியவை அழியும். எனவே கருமுட்டைப் பக்கம் தன்னை இழுத்துக்கொள்ள வல்ல சென்ட்ரோமியர் அடுத்த தலைமுறையில் மிகும். இப்போட்டியில் தொடர்கள் நீளும். அதனால் விளையும் கேட்டைச் சமன்செய்யப் புரதங்கள் மாறும். வலிமைமிக்க சென்ட்ரோமியர் கருமுட்டைப் பக்கம் நிலைகொள்வதைச் சுண்டெலியில் மைக்கேல் லாம்ப்சன் ஆய்வகம் 2017இல் நேரில் காட்டியபின் இக்கருத்து வெறும் ஊகமாக இல்லை. தொடரின் எழுத்துகளைவிட இடமே முதன்மை என்பதற்குக் கௌஸ்துவ் சன்யால் மேரி பாம், ஜான் கார்பன் ஆகியோருடன் 2004இல் வெளியிட்ட ஆய்வும் சான்று. கேண்டிடா அல்பிகன்ஸ் என்னும் பூஞ்சையின் எட்டுக் குரோமோசோம்களிலும் சென்ட்ரோமியர்த் தொடர்கள் எட்டு வகையாக உள்ளன. அவருடைய ஆய்வகம் பின்னர்ப் பெங்களூரு ஜவாகர்லால் நேரு உயராய்வு மையத்தில் இப்பணியைத் தொடர்ந்தது.

இந்தியாவில் வாழும் ஒரே வாலில்லாக் குரங்கினமான ஹூலாக் கிப்பன் இங்குக் குறிப்பிடத்தக்கது. கிப்பன்களின் குரோமோசோம்கள் பேரளவில் உடைந்து மறுசேர்க்கை பெற்றவை. பேரினத்திற்கேற்ப எண்ணிக்கை 38, 44, 50, 52 என மாறுகிறது. ஹூலாக்குக்கு 38. அசாம், அருணாசலம், மியான்மர் பகுதிகளில் வாழும் கிழக்கு ஹூலாக்கின் சென்ட்ரோமியர்களில், கிப்பன்களுக்கே உரிய 'லாவா' என்னும் தாவும் மரபுக்கூறு பெருகிப் பரவியிருப்பதை 2012இல் லூசியா கார்போனே குழுவினர் கண்டனர். மனிதரிலும் சிம்பன்சியிலும் ஆல்ஃபா சாட்டிலைட் வகிக்கும் இடத்திற்குள் இங்கு வேறொரு தொடர் குடிபுகுந்துள்ளது.

இடுப்பை ஒட்டிய நிலம்

சென்ட்ரோமியரின் இருமருங்கும் உள்ள பகுதி மற்றொரு வியப்பு. ஜீன்களின் துண்டுகள் வேறு குரோமோசோம்களிலிருந்து படியெடுக்கப்பட்டு அங்கு வந்து குவிந்துள்ளன. எக்ஸ் குரோமோசோமின் முனையருகே உள்ள அட்ரினோலியூக்கோடிஸ்ட்ரோபி நோய்க்குரிய ஜீனின் பகுதி, 2, 10, 16, 22 ஆகிய குரோமோசோம்களின் சென்ட்ரோமியர் ஓரங்களில் இருப்பதை 1997இல் இவான் ஐக்லர் முதலியோர் காட்டினர். இப்படிகள் வாலில்லாக் குரங்குகளின் பரிணாமக் காலத்தில் பெருகியவை. நோய் கண்டறியும் ஆய்வகங்களுக்கு இது நடைமுறைச் சிக்கலும்கூட. உண்மை ஜீனைப் படிப்பதாக எண்ணிச் செயலற்ற படியைப் படித்துவிடும் இடர் உண்டு.

எக்ஸ் குரோமோசோமின் சென்ட்ரோமியரை ஓரத்திலிருந்து நடுநோக்கி 2001இல் மேரி ஷூலர், வில்லார்டு ஆகியோர் படித்தபோது ஓர் ஒழுங்கு புலப்பட்டது. ஓரங்களில் ஒழுங்கற்ற, சிதைந்த, பல இனங்களுக்கும் பொதுவான பழைய அலகுகள் இருந்தன. நடுவில் மனிதருக்கும் நெருங்கிய உறவினருக்கும் மட்டுமே உரிய புதிய அடுக்குகள் இருந்தன. கீழடியிலோ ஆதிச்சநல்லூரிலோ ஆழச் செல்லச் செல்லப் பழமை கிட்டும். இங்கு விளிம்பே பழமை, நடுவே புதுமை. புதிய தொடர்கள் நடுவில் தோன்றி விரிந்து, பழையவற்றை இருபுறமும் தள்ளுகின்றன.

எண்ணப்படாததை எண்ணுதல்

மனித மரபணுத்தொகுதி 2001இலும் 2003இலும் நிறைவுற்றதாக அறிவிக்கப்பட்டபோது ஏறத்தாழ 8 விழுக்காடு விடுபட்டிருந்தது. விடுபட்டவற்றுள் பெரும்பகுதி சென்ட்ரோமியரும் அதன் சூழலுமே. ஒரே தொடர் ஆயிரக்கணக்கில் வரும் இடத்தில், சில நூறு எழுத்துகளையே படிக்கும் கருவி எந்தத் துண்டு எங்கே பொருந்தும் எனச் சொல்ல இயலாது. 2005இல் வெளியான சிம்பன்சித் தொகுதியிலும் அதே குறை. 1.23 விழுக்காடு என்னும் எண், இருபுறமும் வரிக்கு வரி பொருந்திய இடங்களில் ஓரெழுத்து மாற்றங்களை மட்டும் எண்ணிப் பெற்றது. அந்த எண் பிழையன்று. அது எதன் எண் என்பதை மறந்து மேற்கோள் காட்டுவதே பிழை.

2022 ஏப்ரலில் வெளியான முழுமையான மனிதத் தொகுதி, முத்துப்பிள்ளைக் கருப்பம் ஒன்றிலிருந்து வளர்த்த உயிரணுக்களைக் கொண்டு படிக்கப்பட்டது. அவ்வகைக் கருவில் இரு தொகுதிக் குரோமோசோம்களும் தந்தைவழி ஒரே படியாக இருப்பதால், தாய்வழித் தொடரையும் தந்தைவழித் தொடரையும் பிரித்தறியும் சிக்கல் எழுவதில்லை. பல்லாயிரம் எழுத்துகளை ஒரே மூச்சில் படிக்கும் நெடுவாசிப்புக் கருவிகளும் துணைநின்றன. காரென் மிகா, ஆடம் பிலிப்பி தலைமையிலான அக்கூட்டமைப்பின் கணக்கில் சென்ட்ரோமியரும் அதன் சூழலும் தொகுதியில் 6.2 விழுக்காடு, ஏறத்தாழ 19 கோடி எழுத்துகள்.

2024இல் கிளெனிஸ் லாக்ஸ்டன், ஐக்லர் முதலியோர் இரு மனிதத் தொகுதிகளின் சென்ட்ரோமியர்கள் அனைத்தையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டனர். அருகிலுள்ள இயல்பான பகுதிகளைவிடச் சென்ட்ரோமியரில் ஓரெழுத்து மாற்றங்கள் குறைந்தது 4.1 மடங்கு மிகுதி. நீளம் 3 மடங்கு வரை வேறுபட்டது. இரு மனிதரின் சென்ட்ரோமியர்த் தொடர்களில் 45.8 விழுக்காட்டை வழக்கமான முறையில் பொருத்திப் பார்க்கவே இயலவில்லை. மனிதரையும் சிம்பன்சியையும் ஒப்பிடும் விழுக்காட்டு எண்ணைப் பற்றி வாதிடுவோர் முதலில் கருத வேண்டியது இதனை: இப்பகுதியில் மனிதரை மனிதரோடு ஒப்பிடுவதற்கே அவ்வகை விழுக்காடு கிட்டுவதில்லை. 2025இல் சிம்பன்சி, போனோபோ, கொரில்லா, இரு ஒராங்குட்டான் இனங்கள், சியாமாங்கு ஆகிய ஆறின் தொகுதிகளும் முழுமையாகப் படிக்கப்பட்டன. போனோபோவின் பல சென்ட்ரோமியர்களில் ஆல்ஃபா சாட்டிலைட் வியக்கத்தக்க அளவு குறுகியிருப்பது அதில் தெரியவந்தது. சிம்பன்சியினின்றும் அது பிரிந்து நெடுங்காலம் ஆகவில்லை என்பதை நோக்க, மாற்றத்தின் விரைவு விளங்கும்.

இத்தகைய விரைந்த மாற்றத்தினூடே சென்ட்ரோமியர் ஒன்றைக் காத்தும் வைக்கிறது. அங்குக் குன்றல் பகுப்பின்போது இயல்பான குறுக்கேற்றம் ஏறத்தாழ நிகழ்வதில்லை. எனவே பல இலட்சம் எழுத்துகள் கொண்ட பெருந்துண்டு, பாகப்பிரிவினை ஆகாத பூர்விகச் சொத்துப்போல் தலைமுறை தலைமுறையாக முழுதாகவே இறங்கி வருகிறது. 2019இல் சாஷா லாங்லி, சார்லஸ் லாங்லி முதலியோர் சென்ட்ரோமியரின் இருகரை எழுத்து மாற்றங்களைக் கொண்டு அத்துண்டுகளின் மரபுவழியை வரைந்தனர். 11ஆம் குரோமோசோமில், ஆப்பிரிக்காவுக்கு வெளியே வாழ்வோரிடம் நியாண்டர்தால் மனிதரிடமிருந்து வந்த துண்டு ஒன்று இன்றும் இருப்பதை அவர்கள் கண்டனர். அவர்கள் பயன்படுத்திய 'ஆயிரம் மரபணுத்தொகுதித் திட்ட'த்தின் தரவில் 26 மக்கள்குழுக்களைச் சேர்ந்த 2,504 பேர் உள்ளனர். அவர்களுள் 102 பேர் பிரித்தானியாவில் வாழும் இலங்கைத் தமிழர். புலம்பெயர்ந்த தமிழரின் குருதி, தமிழுலகில் அதிகம் அறியப்படாமலேயே இவ்வரலாற்றின் ஒரு பகுதியாகிவிட்டது.

இந்தியாவில் 10,000க்கும் மேற்பட்டோரின் தொகுதிகளைப் படித்து 2025 ஜனவரியில் தரவுகளை வெளியிட்ட 'ஜீனோம் இந்தியா' திட்டம் குறுவாசிப்பு முறையை அடிப்படையாகக் கொண்டது. நோய்க்குரிய மாற்றங்களைத் தேடுவதற்கு அம்முறை போதுமானது. சென்ட்ரோமியரின் கரைகளை அது காட்டும். நடுவே உள்ள அடுக்குகளின் எண்ணிக்கையையும் ஒழுங்கையும் காட்டாது. அவற்றை அறிய அதே மனிதரின் டி.என்.ஏ. நெடுவாசிப்புக் கருவிக்கு மீண்டும் செல்ல வேண்டும். கோயம்புத்தூரில் நுண்ணோக்கிக்கு முன் அமர்ந்து கரும்பின் குரோமோசோம்களை ஒவ்வொன்றாக எண்ணிய காலத்தின் பொறுமை அப்பணிக்கு இன்றும் தேவைப்படும்.